பம்புப் பட்டறையிலிருந்து ஆய்விதழ் வரை: பாய்ம இயக்கவியல் கட்டுரையை எழுதி அனுப்பும் வழி

கோவையில் ஒரு பம்புப் பட்டறையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அங்கிருந்த மூத்த ஃபிட்டர் ஒருவர் கேட்டார்: "ஏனுங்க வாத்தியாரே, மணல் வர்ற போர்ல ஓடுன பம்பக் கழட்டுனா வேர் ரிங்கு தேஞ்சுதான் கெடக்குதுங்க. எத்தன தேஞ்சா மாத்தோணும்னு எதுலயாச்சு எழுதியிருக்குதுங்களா?"

சட்டென்று எனக்குப் பதில் வரவில்லை. தண்ணீரைத் தள்ளும் சுழலியான இம்பெல்லருக்கும் அதைச் சுற்றியுள்ள தேய்மான வளையமான வேர் ரிங்குக்கும் நடுவே இடைவெளி கூடினால், மேலே தள்ளிய தண்ணீரில் ஒரு பகுதி மறுபடி உறிஞ்சும் பக்கத்துக்கே கசியும், திறன் விழும். இவ்வளவுதான் பாடப்புத்தகம். எவ்வளவு கூடினால் எவ்வளவு விழும், மணல் கலந்த தண்ணீரில் அது எப்படி மாறும் என்று கேட்டால் தேடத்தான் வேண்டும். அந்தத் தேடலின் கடைசியில் ஒரு கட்டுரை இருக்கிறது. எம்.இ. முடிக்கும் மாணவருக்கும், பிஎச்.டி. தொடங்கி முதல் கட்டுரைக்கு முட்டி மோதுபவருக்கும் அந்தக் கட்டுரையை எப்படி உருவாக்கி அனுப்புவது என்று சொல்கிறேன். ஃபிட்டரின் கேள்விதான் கடைசி வரை நம் உதாரணம்.

முதலில் ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்வி

மாணவர்கள் தலைப்போடு வருவார்கள்: "நீர்மூழ்கி பம்பில் பாய்வு ஆய்வு, சார்." அது தலைப்பு. கேள்வி என்றால் கேள்விக்குறியோடு முடிய வேண்டும், "ஆம்", "இல்லை", "இவ்வளவு" என்று ஒரு பதிலும் இருக்க வேண்டும். "வேர் ரிங் இடைவெளி இரட்டிப்பானால், உச்சத் திறன் எத்தனை விழுக்காட்டுப் புள்ளி விழும்? உச்சப் புள்ளி எந்தப் பக்கம் நகரும்?" இதை அளக்கலாம். பதில் தவறாகவும் போகலாம். தவறாகிப்போகவே வாய்ப்பில்லாத கேள்வியில் கட்டுரை தேறாது.

இங்கே ஒரு மனத்தாங்கலைச் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்துக் கல்லூரிகளில் நீளும் தகட்டின் மேல் காந்தப்புலத்தில் நானோ பாய்மம் பாய்வதாக வைத்து, சமன்பாட்டில் ஓர் உறுப்பைச் சேர்த்து, தீர்த்து, வரைபடம் போட்டு அனுப்பும் பழக்கம் பல காலமாக ஓடுகிறது. கணக்கில் பிழை இருக்காது. அந்தத் தகடு எங்கே இருக்கிறது, யார் அளந்தார்கள் என்று கேட்டால் மட்டும் பேச்சு நின்றுவிடும். வாசலைத் தாண்டினால் நமக்கே கேள்விகள் கொட்டிக் கிடக்கின்றன. பவானியில் பிரிந்து நொய்யல் வரை வளைந்து வளைந்து போகும் காலிங்கராயன் வாய்க்காலில், ஆகாயத்தாமரை அடைத்த இடத்தில் மேனிங் கெழு (வாய்க்காலின் சொரசொரப்பைக் காட்டும் எண்) எவ்வளவு? கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடலாமா கூடாதா என்று விவசாயிகளே இரண்டு பக்கமாக நின்றார்கள். மண் கரையில் கசியும் நீரை ஒரு கிலோமீட்டருக்கு எப்படி அளப்பது? பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் உடுமலைப்பேட்டைப் பக்கம் முன்வரிசைக் காற்றாலை பின்வரிசைக் காற்றாலையின் காற்றை எவ்வளவு தின்கிறது? திருப்பூர்ச் சாயப்பட்டறையின் சாஃப்ட்ஃப்ளோ இயந்திரத்தில் நாசில் வழியே துணியை இழுக்கும் சாய நீரின் அழுத்தம் என்ன? ஒவ்வொன்றிலும் ஒரு கட்டுரைக்காவது இடம் உண்டு.

படிப்பது

ஒரு மாதம் ஒதுக்குங்கள். நாற்பது கட்டுரையைத் தரவிறக்கி ஃபோல்டரில் பூட்டி வைப்பதற்குப் படிப்பு என்று பெயரில்லை. முதலில் உங்கள் கேள்விக்கு மிக அருகில் இருக்கும் ஐந்தை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கம் தமிழிலேயே எழுதுங்கள்: என்ன கேட்டார்கள், எதை வைத்து அளந்தார்கள், பிழை எல்லை சொன்னார்களா, எதை விட்டுவிட்டார்கள். அந்தக் கடைசி வரிகளை ஒன்றாகச் சேர்த்தால் உங்கள் முன்னுரை பாதி தயார்.

இந்தியாவில் இதே பொருளில் யாராவது பிஎச்.டி. செய்திருக்கிறார்களா என்று ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் பாருங்கள், இலவசம். ஆய்விதழ் கிடைக்கவில்லை என்பது தனியார் கல்லூரிகளில் பெரிய குறை. 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் அரசுக் கல்வி நிறுவனங்களுக்குப் பெரிய பதிப்பகங்களின் ஆயிரக்கணக்கான இதழ்கள் திறந்துவிட்டன. அரசுக் கல்லூரியில் படிக்கும் நண்பர் இருந்தால் அவரோடு சேர்ந்து உட்கார்ந்து படிக்கலாம். அதுவும் இல்லையா, கட்டுரையாளருக்கே இரண்டு வரி மின்னஞ்சல் போடுங்கள். பலர் மறுநாளே அனுப்பிவிடுவார்கள். ஆர்க்கைவ் தளத்தில் பாய்ம இயக்கவியலுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது, அங்கே முன்பதிப்பு கிடைக்கலாம்.

மேற்கோள்களைக் கையால் தட்டச்சு செய்யாதீர்கள். மேற்கோள்களைத் தொகுக்கும் ஜொடேரோ மென்பொருள் இலவசம். முதல் நாளே அதில் போட்டுக்கொண்டு வந்தால், பின்னால் இதழ் மாறும்போது இரண்டு இரவுத் தூக்கம் மிஞ்சும்.

பழைய கட்டுரைகளையும் ஒன்றிரண்டு படியுங்கள். 1883இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கண்ணாடிக் குழாயில் சாயக் கோட்டை விட்டு, அது எப்போது கலைகிறது என்று பார்த்தார். எதை எதால் வகுத்தால் எல்லாக் குழாய்க்கும் ஒரே அளவுகோல் வரும் என்ற தெளிவுதான் அந்தக் கட்டுரையின் உயிர்; அந்த அளவுகோல்தான் ரெனால்ட்ஸ் எண். 1904இல் ஹைடெல்பர்கில் நடந்த கணித மாநாட்டில் பிராண்டல், சுவரை ஒட்டிப் பாய்வு மெதுவாகும் மெல்லிய அடுக்கான எல்லைப்படலத்தை அறிமுகப்படுத்தினார். அச்சில் அது எட்டே பக்கம். 1933இல் நிக்குராட்சே குழாயின் உள்சுவரில் மணலை ஒட்டிச் சொரசொரப்பை அளந்தார். லூயிஸ் மூடி என்பவரின் 1944ஆம் ஆண்டுக் குழாய் உராய்வு வரைபடத்துக்குப் பின்னால் அந்த மணல் இருக்கிறது. பட்டறைக் கையும் கணக்கும் சேர்ந்தே இந்தத் துறை வளர்ந்தது.

அளவீடு: கட்டுரை நிற்பதும் விழுவதும் இங்கேதான்

நீர்மூழ்கி பம்பின் திறன் என்பது என்ன? தண்ணீரின் அடர்த்தி, புவி ஈர்ப்பு முடுக்கம், டிஸ்சார்ஜ் (வினாடிக்கு வரும் நீரின் அளவு), ஹெட் (நீரை ஏற்றும் உயரம்) நான்கையும் பெருக்கி, உள்ளே போகும் மின்திறனால் வகுப்பது. மோட்டார் இழப்பும் இதில் சேர்ந்தே வரும் என்பதால் இது பம்புசெட்டின் மொத்தத் திறன்; கட்டுரையில் அப்படியே சொல்லுங்கள். ஆக அளக்க வேண்டியவை மூன்று: டிஸ்சார்ஜ், ஹெட், மின்திறன். மூன்றிலும் பிழை உண்டு. பிழையைச் சொல்லாத அளவீட்டை நல்ல இதழ் எதுவும் ஏற்காது.

பிழையைச் சேர்க்கும் வழியை கிளைனும் மெக்ளின்டாக்கும் 1953இலேயே எழுதிவிட்டார்கள். டிஸ்சார்ஜில் 1.5 விழுக்காடு, ஹெட்டில் 1, மின்திறனில் 1 என்று வைத்துக்கொள்வோம். இவற்றைக் கூட்டி 3.5 என்று போடக் கூடாது. ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும்: 2.25, 1, 1 சேர்ந்து 4.25, அதன் மூலம் ஏறக்குறைய 2.06. பம்புசெட்டின் திறன் 60 விழுக்காடு என்றால், அதில் 2.06 விழுக்காடு என்பது 1.2 புள்ளி. சரி, இப்போது வேர் ரிங்கைத் தேய்த்துவிட்டு மறுபடி அளக்கிறீர்கள், 59.2 வருகிறது. "திறன் குறைந்தது" என்று எழுத முடியுமா? முடியாது. உங்கள் பிழை எல்லைக்குள்ளேயே அந்த வேறுபாடு அடங்கிவிட்டது. 55 வந்தால் எழுதலாம். இந்தக் கணக்கைச் சோதனைக்கு முன்னாலேயே போட்டால், எந்தக் கருவியை மாற்ற வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். மேலே உள்ள எண்களில் டிஸ்சார்ஜ் பிழைதான் பாதிக்கு மேல் தின்கிறது; பிரஷர் கேஜுக்குச் செலவழித்துப் பயனில்லை, ஃப்ளோ மீட்டருக்குச் செலவழியுங்கள்.

ஃப்ளோ மீட்டர் வாங்க வழியில்லையென்றாலும் ஒன்றும் கெட்டுவிடவில்லை. அளவு தெரிந்த தொட்டியும் ஸ்டாப்வாட்சும் போதும். இரண்டு நிமிடம் நிரப்பி, நீர்மட்டம் எவ்வளவு ஏறியது என்று பார்ப்பது பழைய வழி, இன்றும் நம்பகமான வழி. மீட்டர் இருந்தாலும் இந்தத் தொட்டியை வைத்து அதை ஒருமுறை சரிபாருங்கள். கோவையில் பம்புகளைச் சோதிக்கும் சிடார்க் என்ற ஆய்வகம் இருக்கிறது. அங்கே ஒரு பம்பை முறைப்படி சோதித்து, அதே பம்பை உங்கள் டெஸ்ட் பெட்டிலும் (சோதனை அமைப்பு) ஓட்டி ஒப்பிட்டால், இதழுக்காகக் கட்டுரையை எடைபோடும் மதிப்பீட்டாளரின் பாதிக் கேள்வி அடங்கிவிடும். ஐஎஸ் 8034, ஐஎஸ்ஓ 9906 என்ற தரநூல்களில் எந்த முறைப்படி சோதித்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்.

என் சொந்தத் தவறு ஒன்று. ஆய்வகத்தில் இடம் பற்றவில்லை என்று எல்போவுக்கு அடுத்தே மேக்னடிக் ஃப்ளோ மீட்டரை மாட்டிவிட்டேன். பொதுவாக அதற்கு மேல்பக்கம் குழாய் விட்டத்தைப்போல 5 மடங்காவது நேர்க்குழாய் வேண்டும். வளைவில் சுழன்று வந்த தண்ணீரை அது அளந்து, மூன்று மாத அளவீட்டையும் ஒரே பக்கமாகச் சாய்த்துவிட்டது. அத்தனையும் குப்பைக்குப் போனது. ஒரே பக்கம் சாயும் பிழை எத்தனை முறை திருப்பி அளந்தாலும் போகாது. சராசரி எடுத்தாலும் போகாது.

இன்னும் இரண்டு விஷயங்கள் நம் ஊருக்கென்றே. ஒன்று கரண்ட். மதியம் வோல்டேஜ் இறங்கினால் மோட்டார் வேகம் இறங்கும். டிஸ்சார்ஜ் வேகத்துக்கு நேர் விகிதம், ஹெட் வேகத்தின் வர்க்கம், மின்திறன் வேகத்தின் கனம் (மும்மடி). நிமிடத்துக்கு 2880 சுற்றில் ஓட வேண்டியது 2850இல் ஓடினால், வேறெதுவும் மாறாமலேயே ஹெட் 2 விழுக்காடு குறைந்துவிடும். நீங்கள் தேடும் மாற்றமே அவ்வளவுதான் இருக்கும். அதனால் ஒவ்வோர் அளவீட்டோடும் வேகத்தையும் குறித்து, ஒரே வேகத்துக்கு மாற்றி எழுதுங்கள். மற்றது வெப்பநிலை. பாடப்புத்தகம் 20 டிகிரித் தண்ணீரைப் பேசும். நம் தொட்டித் தண்ணீர் 30 டிகிரிக்கு வந்துவிடும், அதன் பாகுநிலை 20 டிகிரியில் இருப்பதைவிட ஏறக்குறைய 20 விழுக்காடு குறைவு. 50 மில்லிமீட்டர் குழாயில் வினாடிக்கு 1 மீட்டர் ஓடினால் ரெனால்ட்ஸ் எண் 20 டிகிரியில் 50,000, 30 டிகிரியில் 62,000க்கு மேல். வெப்பநிலை இல்லாமல் ரெனால்ட்ஸ் எண்ணை எழுதினால் வாசிப்பவர் எதை நம்புவது?

கடைசியாக, முடிவுகளைப் பரிமாணமற்ற, அதாவது அலகு இல்லாத, எண்களாக மாற்றுங்கள். வேர் ரிங் இடைவெளி 0.3 மில்லி என்று எழுதினால் அது அந்த ஒரு பம்பின் கதை. இடைவெளியை ரிங்கின் விட்டத்தால் வகுத்தால் திருப்பூரில் ஓடும் பம்புக்கும் தாராபுரத்தில் ஓடும் பம்புக்கும் அது பேசும். எத்தனை எண்கள் தேவை என்பதற்கு பக்கிங்ஹாமின் பை தேற்றம் இருக்கிறது. இரண்டாம் ஆண்டில் மனப்பாடம் செய்து மறந்ததை இப்போது எடுங்கள்.

சிஎஃப்டி செய்பவர்களுக்கு

சிஎஃப்டி என்பது பாய்வைக் கணினியில் கணக்கிடுவது; பாய்வு இடத்தைச் சின்னச் சின்னச் செல்களாக வெட்டும் வலைதான் மெஷ். வண்ணப்படம் அழகாக வரும், நம்பிவிடத் தோன்றும். மெஷ் மாறினால் விடை மாறும் என்பதைக் காட்டாத சிஎஃப்டி கட்டுரை இன்று வாசல்படி தாண்டாது. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கமான ஏஎஸ்எம்இயின் ஜர்னல் ஆஃப் ஃப்ளூயிட்ஸ் எஞ்சினியரிங் 1986லேயே இதைக் கொள்கையாக அறிவித்துவிட்டது. அதே இதழில் 2008இல் செலிக்கும் உடன் எழுதியவர்களும் செய்முறையை வரிவரியாகக் கொடுத்தார்கள். சுருக்கமாக இப்படி: மூன்று மெஷ் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் செல்லின் நீளம் குறைந்தது 1.3 மடங்கு மாற வேண்டும். முப்பரிமாணத்தில் அது ஏறக்குறைய 2.2 மடங்கு செல்கள். அதாவது 10 லட்சம், 22 லட்சம், 48 லட்சம். பத்து லட்சத்தைப் பன்னிரண்டாக்கிவிட்டு "மெஷ் சார்பு இல்லை" என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அது ஏமாற்று.

பம்பின் ஒரு ஸ்டேஜின் (ஓர் இம்பெல்லர் அடுக்கின்) ஹெட் இந்த மூன்று மெஷ்ஷிலும் முறையே 11.8, 12.0, 12.1 மீட்டர் வந்ததாக வைத்துக்கொள்வோம். முதல் தாவல் 0.2, அடுத்தது 0.1. தாவல் பாதியாகக் குறைகிறது, நல்ல அறிகுறி. 2இன் மடக்கையை 1.3இன் மடக்கையால் வகுத்தால் 2.64, இதுதான் உங்கள் கணிப்பு நெருங்கும் வரிசை. பிறகு 0.1ஐ 12.1ஆல் வகுத்து, பாதுகாப்புக் கெழு 1.25ஆல் பெருக்கி, 1.3இன் 2.64 அடுக்கிலிருந்து 1ஐக் கழித்த எண்ணால் வகுக்க வேண்டும். அந்த அடுக்கு இங்கே 2, ஒன்றைக் கழித்தால் 1. விடை 1.03 விழுக்காடு. ஜிசிஐ (கிரிட் கன்வர்ஜென்ஸ் இண்டெக்ஸ்) என்று சொல்வது இதைத்தான். மெஷ்ஷால் வரும் பிழை இவ்வளவு என்று வாசகருக்கு ஒரே எண்ணில் சொல்லியாயிற்று.

ஒய்-பிளஸ் மதிப்பையும், அதாவது முதல் செல் சுவருக்கு எவ்வளவு அருகில் என்று காட்டும் எண்ணையும், எழுதுங்கள். சுவர் அருகே பாய்வைச் சூத்திரத்தால் ஊகிக்கும் சுவர்ச் சார்பு பயன்படுத்தினால் பொதுவாக 30க்கு மேல். சுவர் வரை தீர்த்தால் 1க்கு அருகில். வேர் ரிங் இடைவெளி போன்ற மெல்லிய இடுக்கில் நாலு செல்லை மட்டும் போட்டுவிட்டு கசிவைக் கணித்தேன் என்று சொன்னால் மதிப்பீட்டாளர் சிரிப்பார். இடுக்குக்குள் கூட்டுங்கள், மற்ற இடத்தில் குறையுங்கள்.

மெஷ்ஷைச் சரிபார்ப்பது வேறு, சோதனையோடு ஒப்பிடுவது வேறு. முன்னது சமன்பாட்டைச் சரியாகத் தீர்த்தீர்களா என்று காட்டும், பின்னது சரியான சமன்பாட்டை எடுத்தீர்களா என்று காட்டும். இரண்டும் வேண்டும்.

எழுதும் வரிசை

முன்னுரையில் தொடங்காதீர்கள். அங்கே உட்கார்ந்தால் இரண்டு வாரம் "பம்புகள் வேளாண்மையில் முக்கியப் பங்கு வகிக்கின்றன" என்ற வரியிலேயே கிடப்பீர்கள். அந்த வரியே வேண்டாம்.

முதலில் படங்கள். ஐந்து அல்லது ஆறு படத்தை ஒரு மேசையில் பரப்பி, அவற்றை மட்டுமே வைத்து உங்கள் கதையை ஒரு நண்பருக்குச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். வேர் ரிங் கதைக்கு: டெஸ்ட் பெட்டின் படம், புதிய ரிங்கின் ஹெட்-டிஸ்சார்ஜ் கோடு, இடைவெளி கூடக்கூட திறன் விழும் கோடு, இடுக்கில் கசியும் வேகத்தின் கணிப்பு, சோதனையும் கணிப்பும் சேர்ந்த ஒப்பீடு. தடுமாறும் இடத்தில் ஒரு படம் குறைகிறது. நண்பர் கொட்டாவி விடும் இடத்தில் ஒன்று கூடுதல்.

அளவீட்டுப் புள்ளிகளைப் புள்ளியாகவே போட்டு, மேலும் கீழும் பிழைக்கோடு இழுங்கள். கணிப்பைக் கோடாகப் போடுங்கள். கோட்டுப்படங்கள் வெக்டர் வடிவில், புகைப்படம் மட்டும் 300 டிபிஐ. வானவில் வண்ண அளவுகோல் வேண்டாம். இல்லாத எல்லையை இருப்பதுபோலக் காட்டும், நிறக்குருடு உள்ளவருக்கும் புரியாது.

அப்புறம் செய்முறை. இன்னொரு ஊரில் இன்னொருவர் அதே டெஸ்ட் பெட்டைக் கட்டும் அளவுக்கு விவரம் இருக்க வேண்டும். அதற்குப் பின் முடிவுகள், விவாதம். முடிவில் "விழுந்தது" என்று சொல்லுங்கள், விவாதத்தில் "ஏன் விழுந்தது" என்று சொல்லுங்கள். பெரும்பாலான முதல் கட்டுரைகள் இந்த "ஏன்"இல் தோற்கின்றன. "படம் 4இலிருந்து இடைவெளி கூடினால் திறன் குறைவது தெரிகிறது" என்பது படத்தைப் பார்க்கத் தெரிந்த யாருக்கும் தெரியும். கசிவு கூடியது மட்டுமா, கசிந்த நீர் சுழற்சியோடு இம்பெல்லரின் கண்ணில் (நீர் நுழையும் வாய்) போய் உள்ளே வரும் பாய்வைக் கெடுத்ததா? அதைப் பிரித்துக் காட்டுங்கள். அதற்குத்தான் கட்டுரை.

முன்னுரை, முடிவுரை கடைசியில். சுருக்கம் அதற்கும் கடைசியில். சுருக்கத்தில் எண் இருக்க வேண்டும். "கணிசமாகக் குறைந்தது" என்றால் எவ்வளவு?

மொழி பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். ஆங்கில இதழ்தான், ஆனால் நீண்ட வாக்கியம் எழுதினால்தான் மதிப்பு என்ற எண்ணத்தை விடுங்கள். ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தி. மொழியைச் சீர்செய்ய ஏஐ கருவி பயன்படுத்தினால், இதழ் கேட்கும் இடத்தில் அதைச் சொல்லிவிடுங்கள். அதைக் கட்டுரையாளர் பட்டியலில் போட முடியாது. யுஜிசியின் 2018 விதிப்படி பிறர் எழுத்தோடு ஒற்றுமை 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை, அதற்கு மேல் நிலைகள் உண்டு. சதவிகிதத்தைக் குறைக்க வார்த்தையைப் புரட்டிப்போடும் வித்தை வேண்டாம். வேறொருவர் எண்ணத்தை எடுத்தால் அவர் பெயரைச் சொல்லுங்கள், அவ்வளவே.

எந்த இதழ்?

கேள்வியை வைத்து இதழைத் தேட வேண்டும், பெருமையை வைத்தல்ல. 1956இல் பேச்சலர் தொடங்கிய ஜர்னல் ஆஃப் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் உலகத்தின் உச்சிகளில் ஒன்று. பாய்வின் அடிப்படை இயற்பியலில் புதிய புரிதல் இருந்தால் அங்கே போகலாம். ஒரு பம்பின் திறன் வளைகோட்டை மட்டும் அனுப்பினால் இதழாசிரியர் மேசையிலிருந்தே திரும்பும், அதில் வருந்த ஒன்றுமில்லை. நம் வேர் ரிங் கட்டுரைக்கு ஜர்னல் ஆஃப் ஃப்ளூயிட்ஸ் எஞ்சினியரிங் பொருத்தம். அளவிடும் முறையே புதுமை என்றால் ஃப்ளோ மெஷர்மென்ட் அண்ட் இன்ஸ்ட்ருமென்டேஷன். இந்திய அறிவியல் அகாடமி வெளியிடும் சாதனா பொறியியல் முழுவதையும் எடுக்கும், நல்ல தொடக்கம். வாய்க்கால் ஆய்வுக்கு ஐஎஸ்எச் ஜர்னல் ஆஃப் ஹைட்ராலிக் எஞ்சினியரிங். முதலில் ஒரு மாநாட்டில் பேசிப் பார்க்க நினைத்தால் பாய்ம இயக்கவியலுக்கான எஃப்எம்எஃப்பி மாநாடு இருக்கிறது. கேள்வி நேரத்தில் எழும் மூன்று கேள்விகள் மதிப்பீட்டாளர் கேட்கப்போகும் கேள்விகளே.

கடைசிச் சோதனை: உங்கள் மேற்கோள் பட்டியலில் எந்த இதழ் அடிக்கடி வருகிறது? அங்கேதான் உங்கள் வாசகர் இருக்கிறார். ஓர் இதழ்கூட இரண்டு முறை வரவில்லையென்றால் நீங்கள் போதுமான அளவு படிக்கவில்லை.

போலி இதழ்கள் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஒருமுறை என் மாணவர் ஒருவர் ஏமாந்தார். "மதிப்புக்குரிய பேராசிரியரே" என்று மின்னஞ்சல், நான்கு நாளில் ஏற்பு, எட்டாயிரம் ரூபாய் கட்டணம். பணம் போனதைவிட, அந்த முடிவுகளை வேறெங்கும் அனுப்ப முடியாமல் போனதுதான் வலி. அடையாளங்கள் எளிது: துறைக்குச் சம்பந்தமில்லாத எல்லாவற்றையும் ஏற்கும், மதிப்பீடு வாரக்கணக்கில்கூட நடக்காது, ஆசிரியர் குழுவில் இருப்பவரின் பல்கலைக்கழகப் பக்கத்தில் அந்த இதழின் பெயரே இருக்காது. யுஜிசி தன் 'கேர்' என்ற நம்பகமான இதழ்களின் பட்டியலை 2025இல் கைவிட்டுவிட்டதால் இனி நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். கட்டணமில்லா வழி நல்ல இதழ்கள் பலவற்றில் உண்டு. சந்தா வழியில் வெளியிட்டால் கட்டுரையாளர் பெரும்பாலும் எதுவும் கட்டத் தேவையில்லை. எந்த இதழிலும் காசு கட்டினால்தான் வெளிவரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இதழுக்கு அனுப்பக் கூடாது. பெண் பார்க்க இரண்டு வீட்டுக்கும் ஒரே நாளில் தேதி கொடுப்பதுபோல, விஷயம் தெரிந்தால் இரண்டும் போகும்.

அனுப்பும் நாள்

இதழின் வார்ப்புருவை எடுத்துக்கொள்ளுங்கள். சமன்பாடு அதிகமென்றால் லேடெக்ஸ் என்ற ஆவண மென்பொருள் நல்லது, ஓவர்லீஃப் தளத்தில் இணையத்திலேயே எழுதலாம். அனுப்பும் தளம் கேட்கும்போது தேடிக்கொண்டிருக்காமல், ஆய்வாளரின் அடையாள எண்ணான ஆர்சிட் எண்ணை முன்னமே வாங்கி வையுங்கள், 16 இலக்கம், இலவசம்.

நம்மவர்களுக்கென்று ஒரு சிக்கல் இங்கே. தளம் 'முதல் பெயர்', 'கடைசிப் பெயர்' என்று இரண்டு பெட்டி காட்டும். நமக்கு இருப்பதோ முன்னெழுத்தும் பெயரும். ஒரு கட்டுரையில் முன்னெழுத்தைக் கடைசிப் பெயராகப் போட்டு, அடுத்ததில் அப்பா பெயரை விரித்துப் போட்டு, மூன்றாவதில் விட்டுவிட்டால், உலகின் கணக்கில் நீங்கள் மூன்று பேர். இன்றே ஒரு வடிவத்தைத் தேர்ந்து, அதையே பிஎச்.டி. பட்டத்திலும் போடச் சொல்லுங்கள்.

கட்டுரையாளர் பட்டியல்தான் சண்டை வரும் இடம். யார் எதைச் செய்தார் என்று கிரெடிட் என்ற 14 பங்களிப்பு வகைகளில் பல இதழ்கள் கேட்கின்றன. சோதனை தொடங்கும் முன்பே உட்கார்ந்து பேசிவிடுங்கள். எதுவும் செய்யாத துறைத்தலைவரின் பெயரைச் சேர்ப்பது மரியாதை அல்ல, பொய். ஃபிட்டருக்கு நன்றி சொல்ல நன்றியுரை இருக்கிறது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பெயரைப் போடுங்கள். ஏதாவது நிறுவனம் பம்பு கொடுத்திருந்தால், இலவசமாகவே இருந்தாலும், அதை வெளிப்படையாக எழுத வேண்டும்.

இதழாசிரியருக்கான கடிதம் அரைப் பக்கம் போதும்: கேள்வி என்ன, என்ன கண்டீர்கள், இந்த இதழின் வாசகருக்கு அது ஏன் தேவை. மதிப்பீட்டாளர் பெயர் கேட்டால் உங்கள் வழிகாட்டியின் நண்பர்களைப் போடாமல், நீங்கள் மேற்கோள் காட்டியவர்களில் நேர்ப் பழக்கம் இல்லாதவர்களைப் போடுங்கள்.

பதில் வந்த பிறகு

மாதங்கள் ஆகும். அதுவரை தினமும் தளத்தைத் திறந்து பார்க்க வேண்டாம். பதில் வந்ததும் கோபம் வரும், எனக்கு இன்றும் வருகிறது. படித்துவிட்டு இரண்டு நாள் மூடி வையுங்கள்.

ரெனால்ட்ஸின் 1895ஆம் ஆண்டுக் கட்டுரையை மதிப்பிட்டவர்கள் ஸ்டோக்ஸும் லாம்பும். இருவருக்குமே அது தெளிவாகப் பிடிபடவில்லை, குறைப்பட்டுக்கொண்டே வெளியிடலாம் என்றார்கள். பாய்வைச் சராசரி ஒன்று, ஏற்ற இறக்கம் ஒன்று என்று பிரிக்கும், இன்று நாம் சிஎஃப்டியில் தினமும் பயன்படுத்தும் அந்த வழி அங்கிருந்துதான் வந்தது. அவர்களுக்கே புரியாமல் போனது என்றால் உங்கள் மதிப்பீட்டாளருக்குப் புரியாததில் வியப்பில்லை. புரியவில்லை என்றால் குறை பெரும்பாலும் எழுத்தில்தான் என்று எடுத்துக்கொண்டு திருத்துங்கள்.

பதில் கடிதத்தில் ஒவ்வொரு கருத்தையும் அப்படியே படியெடுத்து, அதன் கீழே உங்கள் பதில், அதன் கீழே எந்தப் பக்கத்தில் எந்த வரியில் மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். ஒன்றையும் விடக் கூடாது. புதிய சோதனை கேட்டால், முடிந்தால் செய்யுங்கள். முடியாது என்றால் ஏன் முடியாது என்று எண்ணோடு சொல்லுங்கள். மதிப்பீட்டாளர் தவறாகச் சொல்லியிருந்தால் மறுக்கலாம். "மதிப்பீட்டாளர் புரிந்துகொள்ளவில்லை" என்று தொடங்காமல், ஒரு படமோ கணக்கோ காட்டி மறுங்கள். 'பெரிய திருத்தம்' என்பது நல்ல செய்தி, கதவு திறந்தே இருக்கிறது. நிராகரிப்பு வந்தால் கருத்துகளைத் திருத்தாமல் அடுத்த இதழுக்கு அனுப்பாதீர்கள். நம் துறை சின்னது. அங்கேயும் அதே மதிப்பீட்டாளர் வந்து உட்கார்ந்திருக்கலாம்.

ஏற்றபின், அச்சுக்கு முன் சரிபார்க்கும் புரூஃப் வரும், பெரும்பாலும் 48 மணி நேரக் கெடுவோடு, தப்பாமல் பொங்கல் விடுமுறையில். சமன்பாடுகளை வரிவரியாகப் பாருங்கள்: கழித்தல் குறி, அடுக்கு, 'மியூ'வுக்கும் 'நியூ'வுக்கும் மாறிப்போன எழுத்து. படத்தின் அலகு. கடைசியில் கட்டுரையாளர் பெயர்கள். என் கட்டுரை ஒன்றில் முன்னெழுத்து பெயரின் பின்னால் ஒட்டிக்கொண்டு அச்சாகிவிட்டது. ஃபிட்டரிடம் காட்டியபோது அவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "இதெல்லாஞ் செரிங்க, எத்தன மில்லி?" என்றார். படம் 5ஐக் காட்டினேன், பிழைக்கோட்டோடு.